விடிகாலைக் குதிரைச் சவாரி: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: டிசம்பர் கடைசியில் நானும் கணவரும் 11 வயது மகளும் உதய்ப்பூர் போகிறோம். விடிகாலையில் வழிகாட்டியோடு குதிரையில் ஆரவல்லி அடிவாரக் கிராமங்களைச் சுற்றி வரும் இரண்டு மணி நேரச் சவாரிக்கு இரண்டு லாயங்களில் விலை விசாரித்தேன். ஒருவர் மற்றவரைப் போல இரண்டு மடங்கு சொல்கிறார். குறைவாகச் சொன்னவர், “அசல் மார்வாரிக் குதிரை, 15 கிலோமீட்டர், காலை 5.30-க்குக் கிளம்பிவிடலாம், முன்பணம் அனுப்புங்கள்” என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார். அதிகம் சொன்னவரோ எங்கள் எடை என்ன, உயரம் என்ன, முன்பு ஏறியிருக்கிறோமா, மகள் பயந்த சுபாவமா என்றெல்லாம் குடைகிறார். ஊட்டி ஏரிக்கரையில் மட்டக்குதிரையில் ஒரு சுற்று போனதுதான் எங்கள் அனுபவம். யாரிடம் பதிவு செய்யலாம்?
– ஒரு வாசகி, கோவை

பதில்: குடைந்து கேட்டவரிடம் செய்யுங்கள். எடையும் அனுபவமும் தெரியாமல் எந்தக் குதிரையை உங்களுக்குக் கொடுப்பது என்று யாராலும் முடிவு செய்ய முடியாது. அதைக் கேட்காமல் பணம் வாங்குகிறவர், அன்று காலை எது சும்மா நிற்கிறதோ அதில் உங்களை ஏற்றப்போகிறார். இந்தச் சவாரியில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது ஆரவல்லி மலையையோ சூரிய உதயத்தையோ அல்ல, அவை இலவசம். உங்களுக்குச் சரியான குதிரையைத் தேர்ந்தெடுத்து, அதை நல்ல நிலையில் வைத்து, வழியெல்லாம் கண்ணை எடுக்காமல் கூட வரும் ஆளின் தீர்மானத்தைத்தான் வாங்குகிறீர்கள்.

குறைந்த விலை சொன்னவரின் கணக்கையே கொஞ்சம் பாருங்கள். குதிரை சாதாரண நடையில் மணிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர் போகும். ஏறுவது, இறங்குவது, கிராமத்தில் டீ, புகைப்படம் எல்லாம் போக, “இரண்டு மணி நேரம்” என்பதில் சேணத்தில் இருப்பது ஒன்றரை மணி நேரம் இருந்தால் அதிகம். அதற்குள் நடையிலேயே போனால் 9 கிலோமீட்டர். 15 என்றால் பாதி வழியாவது குதிரையை ட்ராட்டில், அதாவது குலுக்கி எடுக்கும் ஓட்டநடையில், விரட்ட வேண்டும். பழக்கமில்லாதவர்கள் நிலை தடுமாறி விழுவது பெரும்பாலும் அந்த நடையில்தான். ஆக, ஒன்று தூரம் பொய், அல்லது உங்களை ஆபத்தில் விடப்போகிறார். இரண்டில் எதுவானாலும் வேண்டாம்.

5.30 என்பதும் இடிக்கிறது. கோவையில் டிசம்பர் கடைசியில் 6.30-ஐ ஒட்டி விடிந்துவிடும். உதய்ப்பூர் நாட்டின் மேற்கே இருக்கிறது. அங்கே சூரியன் எழ 7.15 ஆகும். 5.30-க்குக் கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கும்மிருட்டில், கல்லும் முள்ளுமான பாதையில், முதல்முறை ஏறுகிற குழந்தையோடு போக வேண்டும். குதிரைக்கு இருட்டில் நம்மைவிட நன்றாகவே கண் தெரியும். ஆனால் வழிகாட்டிக்கு உங்கள் கால் அங்கவடியில், அதாவது சேணத்தில் பாதம் வைக்கும் வளையத்தில், சரியாக இருக்கிறதா என்று தெரியாது. பாதை மங்கலாகத் தெரியத் தொடங்கும் 6.45 வாக்கில் கிளம்பினாலே சூரிய உதயத்தை வழியில் பார்த்துவிடலாம். குளிர் 10 டிகிரிக்கும் கீழே இறங்கக்கூடும், மகளுக்குக் கையுறை வாங்கிக்கொள்ளுங்கள்.

“அசல் மார்வாரி” என்ற சொல்லுக்காகக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மார்வாரி அழகான இனம்தான். காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும் தோற்றத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது. ஆனால் சௌராஷ்டிரத்துக் கத்தியவாரிக் குதிரைக்கும் காது அப்படித்தான் வளைந்திருக்கும். காதைக் காட்டி வம்சத்தை நிரூபிக்க முடியாது. போர்க்குதிரை வம்சம் என்பதால் மார்வாரிகளில் துடிப்பானவை நிறைய. உங்கள் மூவருக்கும் வேண்டியது, டிராக்டர் பாட்டுப் போட்டுக்கொண்டு எதிரே வந்தாலும் காதை மட்டும் அசைத்துவிட்டு நிற்கிற வயதான, நிதானமான குதிரை. கலப்பினமாக இருந்தால் என்ன குறைந்துவிடப்போகிறது? ராஜஸ்தானில் ஆண்குதிரைகளைக் காயடிக்காமலேயே வளர்ப்பது சகஜம். அப்படிப்பட்ட ஆண்குதிரையும் பெண்குதிரையும் ஒரே வரிசையில் போகுமா என்று கேளுங்கள். போகும் என்றால் மகளுக்கு அதில் இடம் வேண்டாம்.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: கல்யாண ஊர்வலங்களுக்கும் குதிரை அனுப்புகிற லாயமா? வடக்கே குளிர்காலத்தில் கல்யாணங்கள் அதிகம். நடு இரவுவரை பேண்டு வாத்தியத்துக்கும் பட்டாசுக்கும் நடுவே நின்றுவிட்டு வந்த குதிரை, விடிகாலையில் உங்களைச் சுமக்கக் கூடாது. அதன் மேல் இரக்கப்படுவதற்கு மட்டுமல்ல, உங்கள் பாதுகாப்புக்காகவும் சொல்கிறேன். தூக்கமில்லாத குதிரை தடுக்கி விழும்.

லாயத்துக்குப் போனதும் உடனே ஏறிவிடாதீர்கள். குதிரையை நடத்திக் காட்டச் சொல்லுங்கள். தலை சீராக அசையாமல், ஒரு குறிப்பிட்ட காலை ஊன்றும்போது மட்டும் மேலே தூக்கிப்போட்டால் அது நொண்டுகிறது. சேணம் போடும் முன் முதுகையும், வயிற்று வார் அழுந்தும் முன்னங்கால் இடுக்கையும் பாருங்கள். புண்ணோ, ரோமம் உதிர்ந்த தழும்போ இருந்தால் வேறு குதிரை கேளுங்கள். விலா எலும்பு எண்ணும்படி இருந்தாலும் அப்படியே. கடிவாளத்தில் வாய்க்குள் போகும் இரும்பில் முள் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். முள் வைத்த கடிவாளத்தை, சுமை இழுக்கும் மற்றும் சுமக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டின் வதைத் தடுப்பு விதிகள் தடை செய்கின்றன, சவாரிக்கும் சேர்த்து. வாயில் ரத்தம் வருகிற குதிரை வலி தாங்காமல் திமிறும்போது மேலே உட்கார்ந்திருப்பது நீங்கள்.

வயிற்று வாரை இறுக்கும்போது பல குதிரைகள் மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும். பத்து நிமிடம் நடந்ததும் வயிறு தளர்ந்து, வார் தொளதொளவென்று ஆகிவிடும். சேணம் பக்கவாட்டில் சரிவது இதனால்தான். நல்ல வழிகாட்டி சற்று தூரம் போனதும் எல்லோரையும் நிறுத்தி, ஒவ்வொரு வாரையும் மறுபடி இறுக்குவார். அவர் செய்யாவிட்டால் நீங்களே நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு வழிகாட்டி முன்னால், இன்னொருவர் கடைசியில் வர வேண்டும். மகளின் குதிரையைத் தனியாக ஒருவர் கயிற்றில் பிடித்து நடக்க வேண்டும். கிளம்பும் முன் லாயத்து முற்றத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்தவும் திருப்பவும் சொல்லித்தர வேண்டும். வயலுக்குள்ளிருந்து நீலான் (நீல்காய் எனும் பெரிய மான் வகை) கூட்டம் திடீரென்று எழுந்து ஓடினால் மிக அமைதியான குதிரையும் ஒரு கணம் துள்ளும். அப்போது கடிவாளத்தை எப்படிப் பிடிப்பது என்று தெரிந்திருப்பது ஒன்றே துணை.

தலைக்கவசம் கொடுப்பார்களா, குழந்தை அளவு இருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பைக் ஹெல்மெட்டும் சைக்கிள் ஹெல்மெட்டும் இதற்காகச் செய்தவை அல்ல. சவாரிக் கவசத்தின் உள்ளே ஏஎஸ்டிஎம் எஃப்1163, பாஸ் 015, விஜி1 போன்ற தர எண் ஒன்று இருக்கும். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசம் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நொறுங்கியிருக்கும். ஓட்டில் விரிசலோ ஆழமான கீறலோ இருந்தால் வாங்காதீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, சிறு முன்பணம் மட்டும் அனுப்பி மீதியை லாயத்தில் கொடுங்கள். “குதிரையோ கவசமோ சரியில்லை என்றால் ஏற மாட்டோம், முன்பணம் திரும்ப வேண்டும்” என்று வாட்ஸ்அப்பில் எழுதி, சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். கடும் மூடுபனியால் ரத்தானால் என்ன செய்வார்கள் என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள். ஜிஎஸ்டி என்று தனியாகச் சேர்த்தால் பில்லில் பதிவு எண் இருக்க வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டாத சிறு லாயங்கள் பதிவு செய்யத் தேவையில்லை. பதிவு இல்லாதவர் அந்த வரியை உங்களிடம் வாங்கவும் கூடாது.

கேள்வி: என் எடை 94 கிலோ. ராஜஸ்தானின் ஷேகாவதி பகுதியில், நவல்கர் பக்கம் கடுகு பூத்திருக்கும் வயல்கள் வழியாகக் குதிரைச் சவாரி போக ஆசை. ஒரு லாயத்தில் கேட்டதற்கு “நோ ப்ராப்ளம் சார்” என்கிறார்கள். நம்பலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: எந்தக் குதிரை என்று கேளுங்கள். குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுமக்கலாம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு, அதில் சேணத்தின் எடையும் சேர்த்தி. நம் நாட்டு இனக் குதிரைகள் பல 350 முதல் 400 கிலோ வரைதான் இருக்கும். அப்படியென்றால் 70 முதல் 80 கிலோ. உங்கள் எடையோடு 8 கிலோ சேணமும் சேர்ந்தால் 102. அதைச் சுமக்க 510 கிலோவுக்குக் குறையாத, எலும்பு கனத்த பெரிய குதிரை வேண்டும். சில லாயங்களில் தரோபிரெட் எனும் பந்தயக் குதிரை இனத்தின் கலப்புக் குதிரைகள் அந்த அளவில் இருக்கும். பெரும்பாலான இடங்களில் இருக்காது. நான் மேலே சொன்ன 1965 விதிகள் பொதி சுமக்கும் மட்டக்குதிரைக்கு 70 கிலோதான் உச்சவரம்பு என்கின்றன என்பதையும் மனதில் வையுங்கள்.

பொருத்தமான குதிரை இல்லை என்று ஒரு லாயம் உங்களை மறுத்தால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அது நேர்மையான இடம். அதே பாதையில் ஒட்டக வண்டியிலோ குதிரை வண்டியிலோ கூட்டிப்போக முடியுமா என்று கேட்டுப்பாருங்கள். கடுகுப் பூ ஜனவரியில் நன்றாக இருக்கும். வண்டியிலிருந்து பார்த்தாலும் அதே மஞ்சள்தான்.

கேள்வி: சென்ற பிப்ரவரியில் ராஜஸ்தானில் ஒரு விடுதி ஏற்பாடு செய்த காலைச் சவாரியில், வயிற்று வார் அறுந்து சேணத்தோடு விழுந்தேன். மணிக்கட்டு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. ஏறும் முன் “எது நடந்தாலும் என் பொறுப்பு” என்று அச்சடித்த காகிதத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். இப்போது அதைக் காட்டி ஒரு ரூபாய்கூடத் தர முடியாது என்கிறார்கள். நான் செய்வதற்கு ஒன்றுமில்லையா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: இருக்கிறது. அந்தக் காகிதத்தைப் பார்த்து மனம் தளர வேண்டாம். குதிரைச் சவாரியில் இயல்பாகவே உள்ள ஆபத்தை நீங்கள் அறிந்து ஏறினீர்கள் என்பதற்கு அது சான்று. இற்றுப்போன வாரைக் கட்டி உங்களை ஏற்றியதற்கு அது மன்னிப்புச் சீட்டு ஆகாது. நீலான் குறுக்கே ஓடி, குதிரை மிரண்டு, மற்றதெல்லாம் சரியாக இருந்தும் நீங்கள் விழுந்திருந்தால், உங்கள் வழக்கு பலவீனமானது என்று நேராகவே சொல்லியிருப்பேன். தோல் வாரைத் தினமும் பார்த்து, வெடித்திருந்தால் மாற்றுவது சவாரி நடத்துகிறவரின் வேலை. அதைச் செய்யாதது சேவைக் குறைபாடு.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உங்களுக்குப் பெரிய வசதி, ராஜஸ்தானுக்கு அலைய வேண்டாம் என்பதுதான். நீங்கள் வசிக்கும் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. சம்பவம் நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். விடுதியின் பில்லிலேயே சவாரிக் கட்டணமும் இருந்தால் விடுதியையும் லாயத்தையும் சேர்த்தே எதிர்தரப்பாக்குங்கள். “குதிரைக்காரர் வேறு, நாங்கள் வேறு” என்று பின்னால் கை கழுவப் பார்ப்பார்கள்.

முதலில் எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள். என்ன நடந்தது, எவ்வளவு செலவு, எத்தனை நாளில் பதில் வேண்டும் என்பது மூன்றும் அதில் இருக்கட்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிவு செய்யுங்கள். சில நிறுவனங்கள் அந்த அழைப்புக்கே இறங்கி வந்துவிடும். கையில் வைத்திருக்க வேண்டியவை: மருத்துவமனையின் முதல் பதிவு, அதில் எப்படி விழுந்தீர்கள் என்று எழுதியிருப்பது, பில்கள், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு அலுவலகக் கடிதம், பதிவு செய்தபோது நடந்த வாட்ஸ்அப் உரையாடல். அறுந்த வாரை யாராவது படம் எடுத்தார்களா என்று உடன் வந்தவர்களிடம் இன்றே கேளுங்கள். பின்னணியில் தற்செயலாக விழுந்திருந்தாலும் போதும், அதைவிட வலுவான சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.

கேள்வி: சவாரியில் அடிபட்டால் மருத்துவக் காப்பீடு பணம் தருமா? “சாகச விளையாட்டு” என்று தள்ளிவிடுவார்கள் என்கிறார் நண்பர்.
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் மருத்துவக் காப்பீட்டுப் பத்திரத்தில் விலக்குகள் பகுதியில் ‘Excl09’ என்ற குறியீட்டைத் தேடுங்கள். எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான அந்த வாசகம், சாகச விளையாட்டில் தொழில்முறையாக ஈடுபடுகிறவருக்கு வரும் சிகிச்சைச் செலவைத்தான் விலக்குகிறது. சுற்றுலாவுக்குப் போய் ஒரு காலை குதிரை ஏறியவர் தொழில்முறைக்காரர் இல்லை. ஆகவே அந்தக் காரணத்தைச் சொல்லி மறுத்தால் விடாதீர்கள், கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும், பிறகு காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மனுக்கும் எழுதுங்கள்.

தனிநபர் விபத்துக் காப்பீடும் பயணக் காப்பீடும் வேறு கதை. அவற்றில் ஒவ்வொரு கம்பெனிக்கும் விலக்கு வாசகம் மாறும், “தொழில்முறை” என்ற சொல்லே இல்லாமலும் இருக்கும். கிளம்பும் முன், “வழிகாட்டியுடன் செல்லும் குதிரைச் சவாரிக்குக் காப்பீடு உண்டா?” என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். தொலைபேசியில் ஏஜென்ட் “உண்டு சார்” என்றதை வைத்துக்கொண்டு எதுவும் வாங்க முடியாது. அதோடு டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை ஆண்டு ஆகிறது என்று பார்த்து, பத்து ஆண்டு கடந்திருந்தால் போட்டுக்கொண்டு போங்கள். குதிரைச் சாணம் கலந்த மண்ணில் அந்தக் கிருமி இருக்கும், சிராய்ப்பு பட விழவேகூட வேண்டாம், முள் கிழித்தாலே போதும்.