பழைய மென்பொருளின் ஏபிஐ: எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது?

கேள்வி: ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலை ஒன்றுக்குப் புது ஸ்டாக் சாஃப்ட்வேர் எழுதுகிறோம். அங்குள்ள எடைமேடை புரோகிராம் பழைய சாஃப்ட்வேரின் ஏபிஐ-யைத்தான் (வெளிப் புரோகிராம்கள் பெயர் சொல்லி வேலை வாங்கும் ஃபங்ஷன்கள், அதாவது சிறு செயல்பாடுகள், அடங்கிய தொகுப்பு) அழைக்கிறது. அதே ஃபங்ஷன் பெயர்களை வைத்தால் பதிப்புரிமைச் சிக்கல் வருமா?
- வாசகர், காட்பாடி

பதில்: ஃபங்ஷனின் பெயர், அதற்குக் கொடுக்கும் மதிப்புகளின் (பாராமீட்டர்களின்) வரிசை, திரும்பி வரும் மதிப்பு, இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் புரோகிராம் வரிகளை (கோடை) நீங்களே எழுதினால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும். ஆண்ட்ராய்டுக்காக ஜாவா என்ற கணினி மொழியின் ஏபிஐ-யிலிருந்து சுமார் 11,500 வரிகளை கூகுள் எடுத்தது, 2021-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அது நியாயமான பயன்பாடு, அதாவது அனுமதி இல்லாமல் எடுத்தாலும் பதிப்புரிமை மீறல் ஆகாது என்று தீர்ப்பானது. ஏபிஐ-க்குப் பதிப்புரிமையே இல்லை என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைத் தொடாமலே விட்டுவிட்டது. பலர் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். தவிர, அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது.

நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏபி) பிரிவு. தனியாக எழுதிய புரோகிராம் இன்னொன்றோடு சேர்ந்து இயங்கத் தேவையான விவரத்தைப் பழைய புரோகிராமிலிருந்து எடுக்க அது அனுமதிக்கிறது. ஆனால் அந்த விவரம் வேறு வழியில் எளிதில் கிடைக்காததாக இருக்க வேண்டும். எடுப்பவரிடம் சட்டப்படி வாங்கிய பிரதி இருக்க வேண்டும். திருட்டுப் பிரதியை வைத்துக்கொண்டு இந்தப் பிரிவைக் காட்ட முடியாது. ஆகவே தொழிற்சாலையின் லைசென்ஸ் பில்லை முதலில் வாங்கிப் பாருங்கள். மேனுவல் கேட்டுப் பழைய கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

வேலையை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுங்கள். எடைமேடை புரோகிராம் எந்தெந்த ஃபங்ஷனை அழைக்கிறது என்று ஒருவர் பட்டியல் எழுதட்டும். பழைய சோர்ஸ் கோடைப் பார்க்காத இன்னொருவர் பட்டியலை மட்டும் வைத்து எழுதட்டும். அழைக்கப்படாத ஃபங்ஷன் எதையும் சேர்க்காதீர்கள். பெரும்பாலும் மாட்டிவிடுவது ஹெல்ப் பக்கமும், கோடுக்கு நடுவே எழுதும் விளக்கக் குறிப்பான கமெண்டும்தான்: பழையதில் இருந்த எழுத்துப்பிழை புதியதிலும் அப்படியே இருந்தால், காப்பி அடித்ததற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். லைசென்ஸ் ஒப்பந்தத்தில் ரிவர்ஸ் இன்ஜினியரிங் (சாஃப்ட்வேரைப் பிரித்து அது இயங்கும் விதத்தைக் கண்டுபிடிப்பது) கூடாது என்று இருந்தால், கோடைப் பிரிக்கும் முன்பே வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் லாட்ஜுக்கு வெளியாள் ஒருவர் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதித் தந்தார். முழுப் பணமும் கொடுத்தாயிற்று. அந்த சாஃப்ட்வேரின் கோடு எங்களுடையதுதானே?
- வாசகர், வேலூர்

பதில்: இல்லை. உங்களிடம் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் எழுதினால்தான் உரிமை தானாக உங்களுக்கு வரும். வெளியாள் என்றால் அவர் கையெழுத்திட்ட எழுத்துபூர்வமான உரிமை மாற்றம் வேண்டும். அதில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும்.