கடை டெஸ்டரில் 12.0 வோல்ட் காட்டினால் எஸ்எம்பிஎஸ் நல்லதா?

கேள்வி: விலை குறைந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை பெட்டி) வைத்திருக்கிறேன். கிராபிக்ஸ் கார்டு போட்ட பிறகு கேம் ஆடும்போது மட்டும் கணினி ரீஸ்டார்ட் ஆகிறது. கடையில் சின்ன டெஸ்டரில் செருகி, எல்லாம் சரி என்கிறார்கள். மல்டிமீட்டரை வைத்து வீட்டிலேயே சோதிக்கலாமா?

பதில்: பாதி சோதிக்கலாம். முதலில் அந்த டெஸ்டரை மறந்துவிடுங்கள். அதில் லோடு, அதாவது மின்சாரத்தை இழுக்கும் சுமை, என்று சொல்ல ஒன்றும் கிடையாது. லோடு இல்லாமல் 12 வோல்ட் தருவது எந்த மட்டமான சப்ளைக்கும் எளிது. இது தெரிந்தே டெஸ்டரைக் காட்டி வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் கடைகள் இருக்கின்றன.

கேம் ஓடும்போது அளக்க வேண்டும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சப்ளையின் வயர்களில் காலியாக இருக்கும் 4 பின் மோலெக்ஸ் கனெக்டரில், கறுப்பு வயர் உள்ள துளையில் கறுப்பு ப்ரோப், மஞ்சளில் சிவப்பு ப்ரோப். முனைகள் ஒன்றோடொன்று உரசவே கூடாது. 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம். அதற்குக் கீழே இறங்கினால் வேறு சோதனை வேண்டாம், சப்ளையை மாற்றுங்கள். சிவப்பு வயருக்கு 4.75 முதல் 5.25 வரை.

இங்கே ஒரு விஷயம். விலை குறைந்த பல சப்ளைகளில் 12 வோல்ட், 5 வோல்ட் இரண்டையும் ஒரே சுற்று சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. கிராபிக்ஸ் கார்டு 12-ஐ இழுக்க இழுக்க அது இறங்கும்; கூடவே 5 ஏறும். 11.7, 5.15 என்று காட்டினால் பழுது என்று பதற வேண்டாம், அந்த வடிவமைப்பே அப்படித்தான். ஆனால் 5.25-ஐத் தாண்டினால் அதே காரணத்தைச் சொல்லி மன்னிக்கவும் கூடாது. கடைக்காரர் "இந்த மாடலே அப்படித்தான் சார்" என்பார். எல்லை தாண்டினால் தாண்டியதுதான்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் சப்ளை நல்லது என்று ஆகிவிடாது. மீட்டர் காட்டுவது சராசரி. அதன்மேல் ஓடும் ரிப்பிள், அதாவது வேகமான சின்ன ஏற்ற இறக்கம், 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட்டையும் 5 வோல்ட்டில் 50 மில்லிவோல்ட்டையும் தாண்டக் கூடாது. அதைப் பார்க்க ஆசிலாஸ்கோப் (வோல்ட்டேஜின் வேகமான மாற்றத்தைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) வேண்டும். மீட்டரை ஏசியில் வைத்துப் பார்க்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். சாதாரண மீட்டரின் ஏசி ரேஞ்ச் 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கானது, ரிப்பிளோ பல்லாயிரம் ஹெர்ட்ஸ். கண நேரம் விழுந்து எழும் வோல்ட்டேஜும் மீட்டரில் தெரியாது.

லேபிளையும் பாருங்கள். 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர் என்றிருந்தால் அது 192 வாட்தான். கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் இழுப்பது அதிலிருந்துதான். பெட்டிமேல் 450 என்று கொட்டை எழுத்தில் போட்டு இதைப் பொடி எழுத்தில் ஒளிப்பது அப்பட்டமான மோசடி. "80 பிளஸ்" முத்திரையும் மின் சிக்கனத்துக்குத்தான், ரிப்பிளுக்கு அல்ல.

லோடு கொடுத்துச் சோதிக்கும் கருவியைக் கடையில் வைக்காமல், பழுதை நிரூபிக்கும் வேலையை வாங்கியவர் தலையில் கட்டுகிறார்கள். பில்லில் "டெஸ்டிங் வாரண்டி" என்று எழுதிவிட்டால் அத்தோடு கைகழுவிவிடுவார்கள்.

உங்களுக்கு உண்மையில் உதவும் சோதனை, தெரிந்தவரின் நல்ல சப்ளையை மாட்டி அதே கேமை ஒரு மணி நேரம் ஆடுவது. ரீஸ்டார்ட் நின்றால் குற்றவாளி உங்கள் சப்ளைதான். அவருடையது கேபிள் கழற்றும் மாடல் என்றால் அதன் கேபிள்களோடு சேர்த்தே வாங்குங்கள். வேறு மாடலின் கேபிளைச் செருகினால் பின்களின் இடம் மாறி போர்டே போய்விடலாம்.