லேசர் பிரிண்டரில் கவரும் லேபிளும்: வாசகர் கேள்விகள்

கே: 24 லேபிள் உள்ள ஷீட்டில் ஆறுதான் தேவைப்பட்டது. மீதியை மறுபடி பிரிண்டரில் விடலாமா?

வேண்டாம். டோனர் என்பது மை இல்லை, பிளாஸ்டிக் கலந்த பொடி. அதை உருக்கித் தாளில் பதிப்பது ஃபியூசர் உருளை. சூடு ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டை ஒருமுறை தாங்கிய பசை இளகியிருக்கும். உரித்த இடத்தை ஒட்டிய லேபிள்களின் ஓரமும் லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். இரண்டாம் தடவை போகும்போது அந்த ஓரம் உருளையைப் பிடித்துக்கொண்டால் லேபிள் உரிந்து அதிலேயே சுற்றிக்கொள்ளும்.

பதினெட்டு லேபிளை மிச்சம் பிடிக்கப் போய் நானே மாட்டியிருக்கிறேன். ஒட்டியதைச் சின்ன இடுக்கியால் சுரண்டியதில் உருளையில் கீறல். பிறகு வந்த பக்கங்களிலெல்லாம் சீரான இடைவெளியில் ஒரு கறை. கடைசியில் ஃபியூசரையே மாற்ற வேண்டியதாயிற்று. மீதி லேபிள்களில் கையால் எழுதிவிடுங்கள். இங்க்ஜெட்டுக்கு மட்டும் என்று போட்ட ஷீட்டையும் லேசரில் விடாதீர்கள்.

கே: கவர் சுருங்கிக் கசங்கி வெளியே வருகிறது. ஏன்?

கவர் ஒற்றைத் தாள் இல்லையே. நடுவில் இரண்டு அடுக்கு, ஒட்டிய இடத்தில் மூன்று, நான்கு. உருளைகள் அழுத்தி இழுக்கும்போது மேல் தாளும் கீழ்த் தாளும் ஒரே சீராக நகராது, அதனால்தான் சுருக்கம். உள்ளே இருக்கும் காற்றை அழுத்தி வெளியேற்றி, முன்விளிம்பை ஸ்கேலால் நன்றாகத் தேய்த்து, கையால் தாள் வைக்கும் வழியில் ஒவ்வொன்றாக விடுங்கள். பின்கதவைத் திறந்து வைத்தால் கவர் வளையாமல் நேராக வெளியேறும். சில மாடல்களில் அந்தக் கதவுக்கு உள்ளே இரண்டு சிறு நெம்புகோல்கள் இருக்கும், பக்கத்தில் கவர் படம் போட்டிருக்கும். அவற்றை இறக்கினால் ஃபியூசரின் அழுத்தம் குறையும். வேலை முடிந்ததும் பழைய நிலைக்கு ஏற்றிவிடுங்கள். மறந்தால் சாதாரணத் தாளில் டோனர் சரியாகப் பிடிக்காது. (பலரும் மறப்பார்கள்.)

கே: முகவரி மேல் வரிசையில் சரியாக விழுகிறது, கீழே போகப் போக விலகுகிறது.

அச்சிடும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தேர்வு ஆன் ஆகியிருக்கும். அளவு 97 சதவீதமாகக் குறைந்தாலே, 34 மில்லிமீட்டர் உயரமுள்ள எட்டு வரிசைகளில் மொத்தம் 8 மில்லிமீட்டர் சுருங்கிவிடும். 100 சதவீதம் வையுங்கள். முதலில் வெறும் தாளில் அடித்து, லேபிள் ஷீட்டோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எல்லா வரிசையும் ஒரே அளவு விலகினால் அது வேறு கதை: மார்ஜினையோ டிரேயின் ஓரத் தடுப்பையோ சரிசெய்ய வேண்டும்.

கே: பிளாஸ்டிக் ஜன்னல் வைத்த கவர்?

லேசருக்கு ஏற்றது என்று கவர் பாக்கெட்டில் எழுதியிருந்தால் மட்டும். உலோகக் கொக்கி வைத்தது எப்போதுமே கூடாது.

கே: விரல் பட்டால் கவரில் எழுத்து உதிர்கிறது.

தாள் வகையை ‘கவர்’ அல்லது ‘தடிமன்’ என்று மாற்றுங்கள். பிரிண்டர் மெதுவாக ஓடி, டோனர் உருகப் போதுமான சூடு தரும். ஈரம் ஏறிய கவர்களை ஒதுக்கிவிடுங்கள்.