வடித்த சோற்றிலும் தப்பும் ஸ்போர்: முடிவெடுப்பது எந்த மரபணு?

மஞ்சக்குப்பம் வெயிலில், கொதித்து வடித்த சோறு சாயங்காலமே ஏன் கெடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு காரணம் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா. அரிசியோடு வரும் அதன் ஸ்போர்களில் (கெட்டியான உறைக்குள் உறங்கும் வடிவம்) பல கொதிநீரிலும் தப்பி, சோறு ஆறும்போது முளைத்துவிடும்.

சரி, ஸ்போர் ஆவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது ஸ்போ0ஏ என்ற மரபணு. சீரியஸின் உறவுக்கார பாக்டீரியாவான பேசில்லஸ் சப்டிலிஸில்தான் இதை அதிகம் ஆராய்ந்திருக்கிறார்கள். உணவு தீர்ந்தால் கைனேஸ் என்ற, பாஸ்பேட் ஏற்றும் நொதிகள் ஒரு பாஸ்பேட்டை ஸ்போ0எஃப், ஸ்போ0பி என்ற புரதங்கள் வழியாகக் கைமாற்றி, கடைசியில் ஸ்போ0ஏ புரதத்திடம் சேர்க்கும். அது 100க்கும் மேற்பட்ட மரபணுக்களின் செயல்பாட்டை நேரடியாக ஏற்றி இறக்கும். பாஸ்பேட் ஏறிய புரதம் கொஞ்சமாக இருக்கும்வரை பாக்டீரியா அவசரப்படாது. நஞ்சு சுரந்து கூடப்பிறந்ததையே கொன்று தின்று காலம் தள்ளும்! அளவு கூடினால்தான் ஸ்போர் ஆகும் வேலை தொடங்கி, செல் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகப் பிரியும். அப்புறம் பெரும்பாலும் திரும்ப வழியில்லை.