ஆக்ஸிடோசின் புரோப் ஏன் வேறிடத்தில் ஊதா காட்டுகிறது?

கேள்வி: எலி மூளையில் ஆக்ஸிடோசின் மரபணு எங்கெங்கே வெளிப்படுகிறது என்று இன் சிட்டு ஹைப்ரிடைசேஷனில் (ஒரு ஆர்என்ஏ இருக்கும் இடத்தை, அதோடு இணையும் 'புரோப்' என்ற துண்டைக் கொண்டு திசுவிலேயே நிறமேற்றிக் காட்டும் முறை) பார்க்கிறேன். பாராவென்ட்ரிகுலர், சுப்ராஆப்டிக் உட்கருக்களில் (மூளையின் நரம்புச் செல் தொகுதிகள்) நிறம் நன்றாக வருகிறது. சுப்ராகயாஸ்மாடிக் உட்கருவிலும் வருகிறதே! சென்ஸ் புரோப் (எம்ஆர்என்ஏவின் அதே வரிசை கொண்டது, அதோடு இணையாது) போட்ட ஸ்லைடு சுத்தம். கழுவும் வெப்பத்தைக் கூட்டலாமா?
– ஆய்வு மாணவி, பாளையங்கோட்டை

பதில்: வெப்பத்தைக் கூட்டிப் பயனில்லை, புரோப்பை மாற்றுங்கள். பார்வை நரம்புக் குறுக்கிணைவுக்கு நேர் மேலே, மூன்றாம் வென்ட்ரிக்கிளின் இரு பக்கமும் நீங்கள் பார்க்கும் அந்த ஊதாத் திட்டுகள் வாசோபிரசின் என்ற இன்னொரு ஹார்மோனின் செல்கள். உங்கள் புரோப் அந்த எம்ஆர்என்ஏவையும் பிடிக்கிறது.

இரண்டும் அக்கா தங்கை மரபணுக்கள், குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. ஹார்மோனின் ஒன்பது அமினோ அமிலங்களில் 3, 8ஆம் இடங்கள் மட்டுமே வேறு. சிக்கல் அதில் இல்லை. ஹார்மோனோடு சேர்ந்தே உருவாகும் நியூரோபைசின் புரதத்தைக் குறிக்கும் இரண்டாம் எக்ஸான் (மரபணுவின் குறியீட்டுத் துண்டு) இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. முழு நீளப் புரோப்பில் அந்தப் பகுதி தப்பாது. 0.2 எஸ்எஸ்சி உப்புக் கரைசலில், 65 டிகிரியில் கழுவினாலும் அவ்வளவு பொருத்தமான இணை பிரியாது. மூன்றாம் எக்ஸானின் கடைசியிலிருந்தும் அதற்கடுத்த 3' யுடிஆரிலிருந்தும் (புரதமாக மாறாத வால் பகுதி) மட்டும் புரோப் எடுங்கள். இந்த ஆர்என்ஏ ஏராளமாக இருப்பதால் 45 முதல் 48 நியூக்ளியோடைடு நீள ஆலிகோவே (குட்டி டிஎன்ஏ துண்டு) போதும்; ஆலிகோவுக்கு ஹைப்ரிடைசேஷன் 37 டிகிரியில்.

சென்ஸ் ஸ்லைடை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். கண்டபடி ஒட்டுகிறதா என்று மட்டுமே அது சொல்லும். தங்கை ஆர்என்ஏவோடு சேர்வதை அதால் காட்ட முடியாது. அடுத்தடுத்த செக்‌ஷன்களில் ஒன்றுக்கு ஆக்ஸிடோசின், மற்றதற்கு வாசோபிரசின் புரோப் போடுங்கள். எலியின் சுப்ராஆப்டிக்கில் ஆக்ஸிடோசின் செல்கள் மேல்-முன் பக்கம், வாசோபிரசின் கீழ்-பின் பக்கம் கூடும். இரண்டு ஸ்லைடிலும் உட்கரு முழுக்க ஒரே மாதிரி நிரம்பினால் புரோப் இன்னும் சரியில்லை.

நம்மூர் வெயிலுக்கும் ஒரு வார்த்தை. செய்முறையில் 'அறை வெப்பநிலை' என்பது 20–25 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத அறையில் என்பிடி/பிசிஐபி (ஊதா நிறம் தரும் வேதிப்பொருள்கள்) நிறம் வேகமாக ஏறும், பின்புலமும் கூடவே கறுக்கும்; பத்து நிமிடத்துக்கொரு தடவை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். மைனஸ் 80இல் இருந்து எடுத்த ஸ்லைடுப் பெட்டியை, சிலிக்கா ஜெல்லோடு மூடியபடியே சூடு ஏறும்வரை வைத்துத் திறங்கள். உடனே திறந்தால் ஸ்லைடு வியர்க்கும். அந்த ஈரத்தில் ஆர்என்ஏ சிதைந்துபோகும்.