மூளை அறிவியல் இவ்வளவு வளர்ந்த பிறகும் மனத்தைப் பற்றிய தத்துவத்துக்கு வேலை இருக்கிறதா?

கேள்வி கேட்டவர் கோவையில் எம்.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். நனவு பற்றி ஆய்வு செய்ய ஆசை. நரம்பியல் ஆய்வகத்துக்குப் போவதா, தத்துவத்தில் பிஎச்.டி. சேர்வதா என்று குழப்பம். ஸ்கேன் எடுத்து மூளையையே பார்க்க முடிகிற காலத்தில் தத்துவக்காரர்கள் சொல்ல என்ன மிச்சம் இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறார்.

ஆய்வகத்துக்குப் போங்கள். ஆனால் தத்துவத்தை ஓய்வு நேரத்துக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஆய்வகத்தில் கிடைக்கிற ஒவ்வோர் எண்ணையும் பார்த்து "இது எதனுடைய அளவு?" என்று விடாமல் கேட்கிற பழக்கத்தைத் தத்துவம்தான் தருகிறது. அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் நல்ல தரவை வைத்துக்கொண்டே தவறான முடிவுக்குப் போவதை இந்தத் துறையில் அடிக்கடி பார்க்கிறோம்.

நான் கோவையில் ஒரு கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். முனைவர் பட்ட ஆய்வு இஇஜியில், அதாவது தலையில் எலக்ட்ரோடு வைத்து மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் முறையில். தத்துவத்தை முறையாகப் படித்தது அதற்கு அப்புறம்தான்.

இஇஜி என்றால் என்ன என்று கிட்டத்தில் பார்த்தால் நான் சொல்வது புரியும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தலை நிறைய தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு வருவார்கள். எண்ணெய் இருந்தால் எலக்ட்ரோடு சரியாக ஒட்டாது. சிக்னல் முழுக்க இரைச்சல்தான். அதனால் "முந்தின நாள் தலைக்குக் குளிச்சுட்டு எண்ணெய் வைக்காம வாங்க, பூவும் வேண்டாம்" என்று சொல்லி அனுப்புவோம். மண்டைத் தோலை லேசாகத் தேய்த்து, ஜெல் வைத்து, மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே இறங்கும் வரை ஒவ்வோர் எலக்ட்ரோடாகச் சரிபார்க்க வேண்டும். பொறுமை தேவைப்படும் வேலை. எல்லாம் முடிந்து "கண்ணை மூடுங்க" என்றதும் பின்தலையில் விநாடிக்கு 8 முதல் 13 வரை துடிக்கிற ஆல்ஃபா அலை திரையில் பொங்கி எழும். கண்ணைத் திறந்தால் அமுங்கிவிடும். முதன்முதலில் பார்க்கிற மாணவர் எவரும் வாயைப் பிளக்காமல் இருந்ததில்லை.

உடனே ஒரு கேள்வி வரும்: "மேம், இதுதான் நினைப்பா?"

இல்லை. எலக்ட்ரோடு பிடிப்பது மூளையின் மேலடுக்கில் இருக்கும் ஏராளமான நரம்பணுக்கள் ஒரே சமயத்தில் உண்டாக்கும் மின்னோட்டத்தின் கூட்டுத்தொகை. அதுவும் மைக்ரோவோல்ட் கணக்கில். கண்ணை மூடிய மாணவி யோசித்தது பருவத்தேர்வைப் பற்றியா, வால்பாறைப் பயணத்தைப் பற்றியா என்பது அந்த அலையில் இல்லை. அப்படியானால் அலைக்கும் நினைப்புக்கும் என்ன உறவு? இரண்டும் ஒன்றா, ஒன்று மற்றதன் காரணமா, கூடவே நடக்கிற வேறொன்றா? இந்த இடத்தில் கருவி பேசாது. இன்னும் நூறு எலக்ட்ரோடு வைத்தாலும் பேசாது.

லிபெட்டின் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 1965இல் ஜெர்மனியில் கோர்ன்ஹூபர், டீக்கே இருவரும் கையை அசைப்பதற்கு முன்பே மூளையில் ஒரு மின்னழுத்தம் மெல்ல ஏறுவதைக் கண்டுபிடித்திருந்தார்கள். அமெரிக்க நரம்பியலாளர் பெஞ்சமின் லிபெட் 1983இல் அதோடு ஒரு கடிகாரத்தைச் சேர்த்தார். ஓர் ஒளிப்புள்ளி 2.56 விநாடிக்கு ஒரு சுற்று வரும். சோதனைக்கு வந்தவர் தனக்குத் தோன்றும்போது மணிக்கட்டை மடக்க வேண்டும். மடக்க வேண்டும் என்ற உந்துதல் வந்த கணத்தில் புள்ளி எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டும். உந்துதலை உணர்ந்தது அசைவுக்குச் சுமார் 200 மில்லிவிநாடி முன்பு. மின்னழுத்தம் ஏறத் தொடங்கியதோ சுமார் 550 மில்லிவிநாடி முன்பு. நாம் முடிவெடுக்கும் முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது, சுதந்திர விருப்பம் என்று ஒன்று இல்லை என்று இதை வைத்து எத்தனையோ மேடைகளில் பேசிவிட்டார்கள். லிபெட் அவ்வளவு தூரம் போகவில்லை. கடைசி நொடியில் தடுத்து நிறுத்தும் சக்தி நமக்கு உண்டு என்றே அவர் சொன்னார்.

தத்துவக்காரர்கள் கேட்டது வேறு. மணிக்கட்டை எப்போது மடக்கினால் என்ன என்ற இடத்தில் வரும் ஓர் உந்துதலை "முடிவு" என்று எண்ணலாமா? அந்த ஆள் முடிவெடுத்தது சோதனைக்கு ஒப்புக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தபோதே இல்லையா? ஒரு பெண் மேற்படிப்பா, கல்யாணமா என்று வீட்டில் மூன்று மாதம் மல்லுக்கட்டி ஒரு முடிவுக்கு வருகிறாளே, அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? நியாயமான கேள்விகள். ஆனாலும் ஏறுகிற அந்தக் கோடு எதைக் காட்டுகிறது என்பது கேள்வி கேட்டு மட்டும் தீரவில்லை. 2012இல் நரம்பியலாளர் ஆரோன் ஷர்கரும் அவருடைய சகாக்களும்தான் அதில் கைவைத்தார்கள். மூளையின் மின்செயல்பாடு சும்மா இருக்கும்போதும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். எப்போது அசைப்பது என்பதற்குக் காரணம் ஏதும் இல்லாதபோது, அந்த ஏற்றம் ஒரு எல்லையைத் தொடும் சமயத்தில் அசைவு நடந்துவிட வாய்ப்பு அதிகம். லிபெட் செய்தது போல 40 அசைவுகளை, அசைவு நடந்த கணத்தை வைத்து அடுக்கிப் பின்னோக்கிச் சராசரி எடுத்தால், மெல்ல ஏறுகிற கோடு ஒன்று கிடைக்கத்தான் செய்யும். அந்தக் கோடு தொடங்கும் இடத்தில் முடிவு எடுக்கப்பட்டுவிட்டது என்று சொல்ல முடியாது.

விவாதம் இன்னும் ஓயவில்லை. நான் கவனிக்கச் சொல்வது இதைத்தான்: அந்த விளக்கம் வர, "இது எதன் அளவு?" என்ற சந்தேகமும் வேண்டியிருந்தது, சிக்னலைச் சராசரி எடுத்தால் என்ன ஆகும் என்ற கைப்பழக்கமும் வேண்டியிருந்தது. உங்களை ஆய்வகத்துக்குப் போகச் சொல்வது அதற்காகத்தான்.

வலி பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எனக்கு இந்தத் துறையில் பிடிப்பு வந்ததே அதனால்தான். அம்மாவின் ஊர் கவுந்தப்பாடி பக்கம். அம்மாவின் அப்பாவான அப்பிச்சிக்குக் கரும்பு ஆலை ஆட்டும்போது வலது கை உருளையில் மாட்டி, முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காயம் ஆறி வெகு காலம் ஆன பின்பும் "கண்ணு, வெரலெல்லாம் மடங்கி இறுக்கிப் புடிச்சுக்கிட்டே இருக்குது, நகம் உள்ளங்கையில குத்துது, பிரிக்க முடியல" என்பார். இல்லாத விரல், இல்லாத உள்ளங்கை. மனப்பிரமை என்று ஊரில் சொன்னார்கள். அவர் முகத்தைப் பார்த்தவர் யாரும் அதைப் பிரமை என்று தள்ளிவிட மாட்டார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்து இப்படிப்பட்டவர்களுக்கு உதவப் பார்த்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இருக்கிற கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும். அதை விரித்தால், சிலருக்கு மூடியிருந்த பேய்க்கை விரிந்தது போல் இருக்கும், வலி குறையும். எல்லோருக்கும் பலிப்பதில்லை.

சரி, அப்பிச்சியின் வலி எங்கே இருந்தது? கையில் என்று சொல்ல வழியில்லை. மூளையில் என்று சொல்வீர்கள். மூளைத் திசுவுக்கு வலி உணரும் நரம்பு முனைகளே கிடையாது. நோயாளி விழித்திருக்கும்போதே மூளையில் அறுவை செய்கிறார்கள். வலியை உண்டாக்கும் இயக்கம் மூளையில் நடக்கிறது என்பது சரி. வலித்தது யாருக்கு? மேக்ஸ் பென்னட் என்ற நரம்பியலாளரும் பீட்டர் ஹேக்கர் என்ற தத்துவக்காரரும் 2003இல் சேர்ந்து எழுதிய பெரிய புத்தகம் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டது. யோசிப்பது, முடிவெடுப்பது, வலியில் துடிப்பது எல்லாம் முழு மனிதருக்கு உரியவை. அவற்றை மூளை என்ற ஓர் உறுப்பின் மேல் ஏற்றிச் சொல்வது குழப்பம் என்கிறார்கள். 1986லேயே பாட்ரீஷியா சர்ச்லண்ட் என்ற தத்துவக்காரர் இதற்கு எதிர்ப்பக்கம் நின்றார்: மனத்தைப் பற்றி நாம் புழங்கும் கருத்துகளே பழையவை, அறிவியல் வளர வளர அவை மாறத்தான் வேண்டும் என்று. நினைவாற்றல் விஷயத்தில் எனக்கு சர்ச்லண்ட் சொல்வது நியாயமாகப் படுகிறது. வலி விஷயத்தில் ஹேக்கர் பக்கம்தான் நிற்பேன். இரண்டு பேரையும் படியுங்கள்.

இனி, இந்தத் துறையில் ஆய்வாளர்கள் எப்படிச் சண்டை போடுகிறார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். மூளையில் நடப்பதையெல்லாம் விளக்கிய பிறகும், அதோடு ஏன் ஓர் அனுபவம் சேர்ந்து வருகிறது என்ற கேள்வி நிற்கும் என்றார் தத்துவக்காரர் டேவிட் சால்மர்ஸ். 1995இல் அதற்குக் கடினச் சிக்கல் என்று பெயரும் வைத்தார். 1998இல் பிரெமன் நகரில் நரம்பியலாளர் கிறிஸ்டாஃப் கோச், இன்னும் 25 ஆண்டுகளில் நனவுக்கு உரிய நரம்புத் தடயம் தெளிவாகக் கிடைத்துவிடும் என்று அவரோடு பந்தயம் கட்டினார். 2023 ஜூனில் நியூயார்க்கில் கோச் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார்.

பந்தயத்தைவிட அதையொட்டி வந்த ஆய்வு முக்கியம். நனவை விளக்க முயலும் ஒருங்கிணைந்த தகவல் கோட்பாடு, பொதுப் பணிவெளிக் கோட்பாடு என்ற இரண்டு எதிரெதிர்க் கட்சிகள் ஒன்றாக உட்கார்ந்து, என்ன முடிவு வந்தால் யாருக்குப் பாதகம் என்று முன்கூட்டியே எழுதி வைத்தார்கள். முதல் கட்சி, ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் முழுதும் மூளையின் பின்பகுதியில் ஒத்தியக்கம், அதாவது நரம்பணுக்கள் ஒரே தாளத்தில் இயங்குவது, நீடிக்கும் என்றது. இரண்டாவது கட்சி, படம் தோன்றும்போதும் மறையும்போதும் முன்பகுதியில் ஒரு பற்றவைப்பு, அதாவது செயல்பாடு சட்டென்று மூண்டெழுவது, நடக்கும் என்றது. 256 பேரிடம் சோதித்து 2025இல் வெளியிட்டார்கள். எதிர்பார்த்த அளவு ஒத்தியக்கம் நீடிக்கவில்லை. படம் மறையும்போது வர வேண்டிய பற்றவைப்பும் தெளிவாக வரவில்லை. இரண்டு பேருக்கும் அடி. இதற்கிடையே 2023 செப்டம்பரில் 124 பேர் கையெழுத்திட்டு, முதல் கோட்பாடு போலி அறிவியல் என்றே கடிதம் வெளியிட்டார்கள். அந்தக் கடிதம் எனக்கு உவப்பாக இல்லை. தோற்கும் நிபந்தனையை எழுதிக் கொடுத்துவிட்டுச் சோதனைக்கு வருகிறவர்களை அப்படிச் சொல்வது நியாயமில்லை. என்ன நடந்தால் நான் தோற்றேன் என்று எழுதுவது மிகக் கடினமான வேலை. கோட்பாட்டின் ஒவ்வொரு கருத்தையும் பிரித்துப் பார்க்காமல் அதை எழுத முடியாது. தத்துவம் படித்தவர்களுக்கு அந்த அறையில் வேலை நிறையவே இருக்கிறது.

நம் பக்கத்துக் கருத்தரங்குகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. நரம்பியல் பற்றி ஒருவர் பேசி முடித்ததும், "இதையெல்லாம் நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள்" என்று ஒருவர் எழுந்து கைதட்டல் வாங்குவார். நம் முன்னோருக்கு இதைவிட நல்ல மரியாதை செய்யலாம். மணிமேகலையில் வருகிற, பூதங்களே எல்லாம் என்று வாதிடும் பூதவாதி, தாதகிப் பூவையும் கட்டியையும் பிறவற்றோடு கூட்டினால் மதுவின் களிப்பு பிறப்பது போல, பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்கிறான். பூவில் போதை இல்லை, வெல்லத்திலும் இல்லை, கூட்டத்தில் வந்தது. இன்றைக்கும் உயிரோடு இருக்கிற வாதம் அது. அவனுக்கு நேர் எதிராக, 13ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்தியான மெய்கண்டார் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் உடம்புக்குள் ஆன்மா உண்டு என்பதற்கு வரிசையாகக் காரணம் அடுக்குகிறார். அதில் ஒன்று உறக்கம்: உடம்பு அப்படியே கிடக்கிறது, ஆனால் தூங்குகிறவருக்கு உண்பதும் இல்லை, செய்வதும் இல்லை, ஆகவே அறிகிறவர் உடம்பு அல்லர். ஆழ்ந்த உறக்கத்தில் இஇஜி எடுத்தால் விநாடிக்கு நாலுக்கும் குறைவான பெரிய மெதுவான அலைகள்தான் வரும். உடம்பு அப்படியேதான் இருக்கிறது என்ற முதல் அடியையே ஒரு நரம்பியலாளர் மறுப்பார்: உறுப்பு அதேதான், அதன் இயக்கம் மாறிவிட்டது என்று. சித்தாந்தி அதற்கு என்ன பதில் சொல்வார்? எங்கள் ஊரில் சித்தாந்த வகுப்புக்குப் போகிற பெரியவர்களிடம் இதைக் கேட்டால் மணிக்கணக்கில் விடாமல் பேசுவார்கள். கைதட்டல் கூட்டத்தைவிட அந்தத் திண்ணைப் பேச்சில் நான் கற்றது அதிகம். உங்களுக்குத் தமிழ் நன்றாக வரும் என்றால் இந்த வாதங்களை வாதங்களாகவே எடுத்து ஆய்வு செய்யலாம்.

இனி நடைமுறைக்கு வருவோம். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. தத்துவத் துறை அரிது. வெளியே போகத்தான் வேண்டும். ஐஐடி கான்பூர், ஐஐடி காந்திநகர், அலகாபாத் பல்கலைக்கழகம், ஹைதராபாத் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் அறிதிறன் அறிவியல் படிக்கலாம். உளவியல், தத்துவம், கணினி என எல்லாப் பக்கத்து ஆட்களும் அங்கே சேர்ந்து உட்காருவார்கள். உங்களுக்கு அதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். நரம்பணுவையே தொட்டு ஆய்வு செய்ய வேண்டும் என்றால் பெங்களூர் ஐஐஎஸ்சி, நிம்ஹான்ஸ், மானேசரில் உள்ள தேசிய மூளை ஆய்வு மையம் பக்கம் பாருங்கள். தத்துவமே வேண்டும் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ராதாகிருஷ்ணன் பெயரிலான மெய்யியல் உயராய்வு நிறுவனம் இருக்கிறது.

போவதற்குள் பைதானும் புள்ளியியலும் கற்றுக்கொள்ளுங்கள். செத்துப்போன சால்மன் மீனை, மூளையின் செயல்பாட்டைப் படம்பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனுக்குள் வைத்து, மனிதர் படங்களைக் காட்டி எடுத்த ஸ்கேனில், ஆயிரக்கணக்கான ஒப்பீடுகளுக்கு உரிய திருத்தம் செய்யாமல் விட்டபோது மூளையில் செயல்பாடு இருப்பதாகக் காட்டியது. 2009இல் அதை வெளியிட்டார்கள். புள்ளியியல் தெரியாமல் மூளைப் படத்தை வைத்துத் தத்துவம் பேசக் கூடாது என்பதற்கு என் வகுப்பில் நான் காட்டும் முதல் படம் அதுதான்.

வீட்டில் சம்பளம் கேட்பார்கள், கேட்கட்டும். நெட் தேர்வில் ஜேஆர்எஃப் எனும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், வாடகைப் படி தனி. இந்தக் கணக்கைச் சொன்னால் கொஞ்சம் சமாதானம் ஆவார்கள். விண்ணப்பம் போடுமுன் அந்த ஆய்வகத்தில் இப்போது இருக்கிற மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள். வழிகாட்டி உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்குகிறாரா, தத்துவத் துறைக் கருத்தரங்குக்குப் போய் வந்தால் முகம் சுளிக்கிறாரா என்று கேளுங்கள். சுளிக்கிறவர் என்றால் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வேறு இடம் பாருங்கள்.