'வி.ஓ.சி. 1803': இந்த வாளை வாங்கலாமா?

கேள்வி: முல்லைத்தீவுக் கோட்டைப் பக்கம் கிணறு வெட்டும்போது கிடைத்ததென்று ஒருவர் ஒல்லாந்தர் காலத்துக் குட்டைவாள் ஒன்றைக் கொண்டுவந்தார். அலகில் 'வி.ஓ.சி. 1803' என்றிருக்கிறது. வன்னி மன்னன் பண்டாரவன்னியன் கோட்டையைப் பிடித்த ஆண்டும் அதுதானே? விலை 85,000 ரூபாயாம். வாங்கலாமா? - வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: காட்டிக்கொடுப்பதே அந்த ஆண்டுதான். வி.ஓ.சி. என்பது ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி. ஒல்லாந்தர் 1796 பெப்ரவரியில் கொழும்பையும் ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டார்கள். 1799 முடிவோடு அந்தக் கம்பனியே இல்லை. 1803இல் பண்டாரவன்னியன் விரட்டியது ஆங்கிலேயரை. எழுத்து வெட்டியவருக்கு எங்கள் ஊர்க் கதை தெரிந்திருக்கிறது, ஒல்லாந்தர் கதைதான் தெரியவில்லை. எழுத்துகளையும் பாருங்கள். கம்பனியின் குறியில் பெரிய 'வி'யின் இரு கால்களிலும் 'ஓ'வும் 'சி'யும் பின்னிக் கிடக்கும், பெயர்ப்பலகை போல வரிசையாக நிற்காது.

ஆண்டு பொருந்தியிருந்தாலும் கறளைப் பார்க்காமல் நான் காசு கொடுக்கமாட்டேன். பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி ஒன்று எடுங்கள், டோர்ச்சைப் பக்கவாட்டில் சரித்துப் பிடியுங்கள். குறி முதலில் வந்தது, கறள் பிறகு வந்தது என்றால், கறள் தின்ற குழிகள் எழுத்தின் ஓரத்தையும் கடித்திருக்கும். கோடு அங்கங்கே அறுந்து மங்கியிருக்கும். குழியை நறுக்கிக்கொண்டு எழுத்து கூராகப் போனால் எழுத்துத்தான் இளையது. எழுத்துக்குள் கறுப்பாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். பல்குச்சியால் மெல்லக் கிண்டினால் சப்பாத்துப் பொலிஷ் வருவதும் உண்டு. பழைய கறள் கரும்பழுப்பாக இறுகியிருக்கும். அமிலம் தடவி ஒரு வாரத்தில் வரவழைத்தது செம்மஞ்சளாக, எண்ணெய்த் துணியோடு வந்துவிடும்.

பித்தளைச் சாமான்களில் திருகாணியைப் பாருங்கள். 'லண்டன் 1915' என்று பொறித்த தொலைநோக்கி ஒன்றை வவுனியாவில் எனக்கும் காட்டினார்கள். ஆணித்தலையில் கூட்டல் குறி! அந்த ஆணி புழக்கத்துக்கு வந்ததே 1930களில்தான். மறுபக்கமும் உண்டு: ஆங்கிலேயர் பயனெட்டில் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) 1907 என்றிருந்தால் அது மாதிரியின் ஆண்டு. செய்த மாதமும் ஆண்டும் தனியாகச் சின்னதாக அடித்திருக்கும். 1917இல் செய்ததைப் பொய்யென்று தள்ளிவிடாதீர்கள்.

சரி, வாள் மெய்யாகவே கிணற்றில் கிடைத்தது என்று வையுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி மண்ணுக்குள் கிடக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். பொய்யென்றால் உங்கள் காசு போகும், மெய்யென்றால் நீங்கள் பொலிசுக்குப் போகவேண்டி வரும். அவர் மறுபடி வந்தால் விலை பேசாதீர்கள். எந்தக் கிணறு, யாருடைய காணி என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.